பள்ளிக்கூடத்துக்கு நான்கு ஹெக்டேர்

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எங்கள் பகுதியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மறுப்புக் கடிதம் எழுதிய பல வீடுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த். அதன் வடக்குப் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். கொஞ்ச காலம் முன்புவரை மணல்மேடாகவும் புதராகவும் கிடந்த இடத்தில் இன்று வரிசை வரிசையாக வீடுகள். இருக்கிற ஒரே தொடக்கப்பள்ளியின் விளையாட்டுத் திடலைச் சுற்றி, லாரியில் ஏற்றிவந்து இறக்கிய பெட்டி வகுப்பறைகள் நிற்கின்றன. ‘டிரான்ஸ்போர்ட்டபிள்’ என்று இங்கே சொல்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு பெட்டிகள் கூடின, திடல் சுருங்கியது. இரண்டாவது பள்ளி கட்டாயம் வேண்டும். அதற்கென்று அரசு ஒதுக்கிய மனை எங்கள் தெருமுனையில் இருந்தது. அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த கடைசிக் காடும் அந்த மனையில்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு திருநெல்வேலிக் குடும்பம். இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. ஒருநாள் வாசலில் வைத்தே கேட்டாள்: “அக்கா, என் சின்னவளுக்கு கிண்டர்கார்ட்டன்ல இடம் கிடைக்காம தினமும் அடுத்த ஊருக்குக் காரை ஓட்டிட்டுப் போறேன். நீங்க கிளிக்காக மனு எழுதிக்கிட்டு இருக்கீங்களே!”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இங்கே ப்ரீ-பிரைமரியிலிருந்து உள்ளூர் அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும். அதற்கு முந்தைய கிண்டர்கார்ட்டனுக்கு அந்த உறுதி கிடையாது. புதுப் புறநகரில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள். நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். நகருக்கு நடுவில் வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் விளிம்புக்கு வந்தவர்கள். பள்ளி தாமதமானால் அடி விழுவது அவர்கள் பிள்ளைகளுக்கு. இதை ஒப்புக்கொள்ளாமல் காட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அன்று வாசலில் நின்று அவளுக்குச் சொல்ல முயன்றதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காடு. நம் கண்ணுக்கு அது காடாகவே படாது. நான் சிவகங்கைப் பக்கம் வளர்ந்தவள். கண்மாய்க்கு மேலே, உழவுக்கு ஆகாது என்று விட்டுவைத்த மேட்டில் முள்ளும் புதருமாக ஒரு நிலம் கிடக்குமே, பெர்த்தின் பேங்க்சியா காட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்த மேடுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்தில் முறுக்கிக்கொண்ட மரங்கள். ரம்பப் பல் வைத்த இலைகள். காலடியில் வெளுத்த மணல். கோடையில் பார்த்தால் பாதி செத்ததுபோல இருக்கும். குதிரைப் பந்தயத் திடலுக்கோ கார் நிறுத்தத்துக்கோ தூக்கிக் கொடுத்தால் யாருக்கும் வலிக்காது என்று தோன்றும்.

ஆனால் அந்த மணல் எதுவும் இல்லாத மணல். பெர்த் நகரம் இந்தியப் பெருங்கடலுக்கும் டார்லிங் மலைச்சரிவுக்கும் இடையிலான மணல் சமவெளியில் இருக்கிறது. கடலோரத்தில் இளைய மணல்மேடுகள், உள்ளே போகப் போக மூத்தவை. மூத்த மேடுகளில் எத்தனையோ ஆயிரம் ஆண்டு மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. பேங்க்சியா மரம் அந்த மண்ணில் பிழைக்க, மேல்மண்ணில் மயிரிழை போன்ற வேர்களைப் பாய் முடைந்ததுபோலப் பரப்பி, இருக்கிற துளிச் சத்தையும் கரைத்து இழுத்துக்கொள்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குப் போடும் சாதாரண உரத்தைப் போட்டால் அதுவே இதற்கு நஞ்சாகி மரம் பட்டுப்போகக்கூடும். சத்து குறைவான இந்த மண்ணில்தான் செடிவகைகள் இப்படிப் பெருகியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை உலகின் பல்லுயிர் வளம் மிகுந்த, அதே சமயம் ஆபத்தில் இருக்கிற பகுதிகளில் ஒன்றாக அறிவியலாளர்களால் கணக்கிடப்பட்டது. அங்கே இருக்கும் 7,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் ஏறக்குறைய பாதி உலகில் வேறெங்கும் இல்லை.

எங்கள் தெருமுனைக் காட்டில் இரண்டு வகைப் பேங்க்சியா முக்கியமானவை. ஒன்று இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம்வரை இளஞ்சிவப்பாகப் பூக்கும். மற்றது வசந்தத்தில் தொடங்கிக் கோடைவரை மஞ்சளாகப் பூக்கும். இது ஓயும்போது அது தொடங்கும். அதனால் ஆண்டு முழுவதும் அந்தக் காட்டில் தேன் உண்டு. தேனையும் மகரந்தத்தையும் மட்டுமே தின்று வாழும் ‘ஹனி பாசம்’ என்ற, பத்து கிராம் எடை தேறுகிற பாலூட்டி ஒன்று இந்தத் தென்மேற்கு மூலையில் மட்டும் இருக்கிறது. பூ ஒரு பருவம் இல்லாமல் போனால் அதற்குச் சாப்பாடு இல்லை. தரையில் ‘குவெண்டா’ என்ற, நம் பெருச்சாளியைவிடப் பெரிய, கூர்மூக்குப் பிராணி பூஞ்சையும் புழுவும் தேடி மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். ஒரு குவெண்டா ஓராண்டில் ஏறக்குறைய 4 டன் மண்ணைப் புரட்டிப் போடுகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் காலையில் குப்பைத் தொட்டி எடுத்து வைக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

கிளி என்று அந்தப் பெண் சொன்னது கார்னபி கருங்கொண்டைக்கிளியை. ஐவன் கார்னபி என்ற இயற்கை ஆர்வலர் 1948-இல் விவரித்ததால் அவர் பெயர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் அதற்கு முன்பே ‘ஙூலார்க்’ என்று அழைத்துவந்தார்கள். காக்கையைவிடப் பெரியது, கன்னத்தில் வெள்ளைப் பொட்டு, வாலில் வெள்ளைப் பட்டை. அழுவதுபோல நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டமாக வரும். அது வந்தால் மழை வரும் என்று இங்கே வெள்ளைக்காரப் பாட்டிகளும் சொல்வார்கள். குஞ்சு பொரிப்பது உள்நாட்டுக் கோதுமைப் பகுதியில், நூறாண்டு தாண்டிய மரங்களின் பொந்துகளில். இரண்டு முட்டை இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். கோடையில் குஞ்சைக் கூட்டிக்கொண்டு கடலோரத்துக்கு வந்து பேங்க்சியா காய்களை உடைத்துத் தின்னும். உள்நாட்டில் பொந்து மரங்கள் கோதுமை வயலுக்காக அழிந்தன. 1960-களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் என்று இலக்கு வைத்தே நிலத்தைத் திறந்துவிட்டது அன்றைய அரசு. கடலோரத்தில் சாப்பாட்டுக் காடு வீடுகளுக்காக அழிகிறது. இடையில் பைன் தோட்டங்களில் தின்னப் பழகிக்கொண்டன. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அந்தப் பைன்களையும் இப்போது வெட்டி எடுக்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் ஓர் அந்திப்பொழுதில், கிளிகள் அடையும் மரங்களின் கீழே தன்னார்வலர்கள் நின்று எண்ணுகிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். எண்ணிக்கை இறங்குமுகத்தில் இருப்பதைத்தான் அந்தக் கணக்குகள் சொல்கின்றன.

1829-இல் பிரிட்டிஷ் குடியேற்றம் வந்ததிலிருந்து இந்தச் சமவெளியின் பேங்க்சியா காட்டில் பாதிக்கும் மேல் போய்விட்டது. 2016-இல் ஆஸ்திரேலிய ஒன்றிய அரசு இந்தக் காட்டை ஒட்டுமொத்தமாக, ஒரு உயிர்ச்சமூகமாகவே, அழியும் ஆபத்தில் உள்ளது என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், நகரின் தெற்கே பீலியார் சதுப்புநிலங்களின் வழியாக ரோ 8 நெடுஞ்சாலைக்காகப் புல்டோசர் இறங்கியபோது நூற்றுக்கணக்கானோர் போய் வழிமறித்தார்கள். 2017 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறியதும் அந்தச் சாலை நின்றது. நெடுஞ்சாலை என்றால் சண்டை போடுவது ஒருவகையில் எளிது. பள்ளிக்கூடம் என்றால் யாருக்குத் தைரியம் வரும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மேற்கு ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளர்ந்த உள்நாட்டுத் தாவரங்களை அழிக்க அனுமதி வேண்டும். தன் சொந்த நிலமானாலும் வேண்டும். அரசுத் துறையானாலும் வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2004-இலிருந்து இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. விண்ணப்பத்தைப் பொதுப்பார்வைக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அதிகாரிகள் பத்து நெறிகளை வைத்து எடைபோட வேண்டும். பல்லுயிர் வளம் அதிகமா, விலங்குகளுக்கு முக்கியமான வாழிடமா, அரிய செடி உண்டா, ஏற்கெனவே பெரும்பகுதி அழிந்துவிட்ட இடத்தில் மிச்சமிருக்கும் துண்டா, ஓடைக்கும் நீருக்கும் கேடு வருமா என்று போகும் அந்தப் பட்டியல். அனுமதி கொடுத்த பிறகும் 21 நாளுக்குள் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஒரே தகுதி போதும். குடிமக்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற சட்டம் நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதில் ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. முறையாக ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் சாலைக்கும் வடிகாலுக்கும் வீடு கட்டும் இடத்துக்கும் வெட்டும்போது இந்தத் தனி அனுமதி கேட்பதில்லை. ஒன்றிய அரசின் 1999-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் குறுக்கே வந்தால் வரும், அவ்வளவுதான். அதனால் என்ன ஆகிறது? சுற்றிலும் நூறு ஹெக்டேர் காடு வீட்டுமனையாக மாறும்போது தெருமக்களிடம் யாரும் கேட்பதில்லை. அப்போது தெருவும் இல்லை, மக்களும் இல்லை. நடுவில் பள்ளிக்கென்று விட்டுவைத்த துண்டு மட்டும் அப்படியே நிற்கிறது. வீடுகள் வருகின்றன, குடும்பங்கள் வருகின்றன, பிள்ளைகள் அந்தத் துண்டுக்குள் ஒற்றையடிப் பாதை போடுகிறார்கள். மற்ற இடங்களில் விரட்டப்பட்ட குவெண்டாவும் கிளியும் அதற்குள் வந்து ஒண்டுகின்றன. பிறகு ஒருநாள் பள்ளி கட்டும் நேரம் வந்ததும் முதன்முறையாக மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். நூறு ஹெக்டேர் போனபோது எழாத குரல் பள்ளியின் நான்கு ஹெக்டேருக்கு எழுகிறதே என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. முன்பு எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் அதற்கு நேரான பதில்.

நான் ஒரு நில அளவை நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். அதனால் இந்தப் பள்ளி மனைகள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரியும். வெறும் நிலமாக இருக்கும்போதே ஒரு பகுதிக்குக் கட்டமைப்பு வரைபடம் போடுவார்கள். பெரிய சாலை, வடிகால், கடை, பூங்கா, பள்ளி எல்லாம் அதில் வண்ணக் கட்டங்களாக உட்காரும். மாநிலத் திட்ட விதிப்படி ஏறக்குறைய 1,500 வீட்டுக்கு ஒரு தொடக்கப்பள்ளி. அதற்கு 4 ஹெக்டேர். உள்ளாட்சிக் கவுன்சிலோடு விளையாட்டுத் திடலைப் பகிர்ந்துகொண்டால் 3.5 ஹெக்டேர் போதும். உயர்நிலைப் பள்ளிக்கு 10 ஹெக்டேர். மனை சதுரமாகவோ செவ்வகமாகவோ இருக்க வேண்டும், பெருஞ்சாலையை ஒட்டக் கூடாது, பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் பகுதியின் நடுவில் அமைய வேண்டும், பள்ளமாகவோ நீர் தேங்கும் இடமாகவோ இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் பிள்ளைகளின் நன்மைக்கான விதி; எதிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நடுவில், மேட்டில், பெருஞ்சாலைக்கு விலகி, ஒரே துண்டாக என்று தேடினால் நல்ல காடு நிற்கும் இடமும் பல நேரம் அதுவாகவே அமைந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை வரைந்த பிறகு பள்ளி வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகூட ஆகலாம். அதற்குள் சுற்றியுள்ள மனைகளெல்லாம் விற்று முடிந்திருக்கும். இப்போது இடத்தை மாற்றுங்கள் என்றால், எங்கே மாற்றுவது என்று கல்வித்துறை கேட்பது நேர்மையான கேள்விதான். வேறு இடம் கிடையாது. இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நல்லவர்கள் நின்று தோற்பதற்குக் காரணம் இந்தக் காலக்கணக்கு.

சரி, நான்கு ஹெக்டேரில் கட்டடம் எவ்வளவு, மீதிக் காட்டை விடலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வேலை நடக்கும் விதம் வேறு. மணல்மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி மனை முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சரிவு ஆகாது. ஒரு மரத்தின் அடியில் அரை மீட்டர் மணலைக் கொட்டினாலும், அரை மீட்டர் வெட்டி எடுத்தாலும், மேல்மண்ணில் விரிந்த அந்த வேர்ப்பாய் செத்துவிடும். பிறகு ஓவல் எனப்படும் புல்திடல். பிறகு பெற்றோர் காரை நிறுத்துமிடம், அதுவே பெரும்பரப்பு. இவற்றுக்கெல்லாம் மேலே தீ.

காட்டுத்தீ இங்கே வேடிக்கையான விஷயம் இல்லை. 2015-இலிருந்து மாநிலத் திட்டக் கொள்கை, தீ அபாயப் பகுதியில் பள்ளியைத் தனிக் கவனம் வேண்டிய இடமாக வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நேரத்தில் வெளியேற்ற வேண்டுமே. கட்டடத்தைச் சுற்றிக் காப்பு வளையம் ஒன்று விடவேண்டும். அந்த வளையத்தில் மரக்கிளைகளின் நிழல் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கீழே புதர் அடர்ந்திருக்கக் கூடாது. ஆக, கட்டடத்துக்கு வெளியே மிஞ்சுகிற காட்டையும் சீவி எடுக்க வேண்டிவரும். இதை எதிர்த்து நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். பிள்ளைகளின் உயிரோடு பேரம் பேச முடியாது. ஆனால் கட்டடம் அகலத்தில் பரவாமல் உயரத்தில் எழும்பினால் அந்த வளையமும் சுருங்குமே. பெர்த்தின் தொடக்கப்பள்ளிகள் பழக்கத்தால் ஒரே தளத்தில் படர்கின்றன. நகருக்குள் சூபியாக்கோவில் 2020-இல் திறந்த பாப் ஹாக் கல்லூரி என்ற அரசு உயர்நிலைப் பள்ளி பல மாடிக் கட்டடம். நிலம் விலை கூடிய இடத்தில் மாடி கட்டத் தெரிகிறது. காட்டுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டால் இங்கேயும் கட்டத் தெரியும்.

ஈடுசெய்தல் என்று ஒன்று உண்டு. இங்கே நாலு ஹெக்டேர் அழித்தால் வேறெங்காவது காடு வாங்கிப் பாதுகாக்க வேண்டும், அல்லது நிதியில் பணம் கட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்குவது ஏற்கெனவே நிற்கிற காடு. அதைக் காப்பது நல்லதுதான்; ஆனால் கூட்டிக் கழித்தால் உலகத்தில் காடு நாலு ஹெக்டேர் குறைந்திருக்கும். புதிதாக வளர்க்கலாமே என்றால், பேங்க்சியா காட்டை மறுபடி உண்டாக்குவது மிகக் கடினம். பெர்த்தின் கிங்ஸ் பார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதில் உழைக்கிறார்கள். பல விதைகள் நெருப்பின் புகை பட்டால்தான் விழிக்கும். அந்தப் புகையில் விதையை எழுப்பும் சேர்மம் எது என்று 2004-இல் பெர்த் ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு அறிந்தவர்களாலேயே பழைய காட்டின் செடிவகைகளை முழுமையாகத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அழிக்கப்போகும் காட்டின் மேல்மண்ணை வழித்தெடுத்து, அதில் உறங்கும் விதைகளோடு வேறிடத்தில் பரப்புவது இப்போதைக்குக் கைகொடுக்கும் வழிகளில் ஒன்று. அதையாவது தவறாமல் செய்யச் சொல்லிக் கேட்டோம்.

மறுப்பு எழுதுவது பற்றிச் சொல்கிறேன்; இது நம் ஊரிலும் யாருக்காவது பயன்படும். முதல் கூட்டத்தில் எல்லாரும் மனம் உருகப் பேசினோம். எங்களுக்கு வழிகாட்டிய ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை, “அழகு என்று எழுதாதீர்கள், அளவு எழுதுங்கள்” என்றார். பத்து நெறிகளில் அழகு கிடையாது. கருங்கொண்டைக்கிளிகளுக்கு இனிமேல் பொந்து தரக்கூடிய மரம் எது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: மார்பு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சுற்றளவில் 157. என் தையல் டேப்பின் நீளம் 150. பொதுப்பாதையை ஒட்டி நின்ற மர்ரி, ஜாரா மரங்களை அந்த டேப்பால் கட்டிப் பார்த்தோம். டேப்பின் இரு முனைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விழுந்தால் அந்த மரம் கணக்கில் சேரும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அளந்தார்கள். கிளி கடித்துப் போட்ட பேங்க்சியா காய்களையும் மர்ரி கொட்டைகளையும் பொறுக்கி, கிடந்த இடத்தோடு படம் எடுத்தோம். கொட்டையில் பதிந்த அலகுத் தடத்தை வைத்தே எந்தக் கிளி தின்றது என்று சொல்லிவிடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மாற்றுவழி சொல்லாத மறுப்புக்கு மதிப்பில்லை என்பது என் கருத்து. வரைபடம் போடத் தெரியும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. பக்கத்தில் கவுன்சிலின் புல்திடலுக்கென ஏற்கெனவே வெட்டிச் சமப்படுத்திய இடம் இருந்தது. அதைப் பள்ளியோடு பகிர்ந்துகொண்டு, கார் நிறுத்தத்தை அதன் விளிம்புக்கு நகர்த்தி, வகுப்பறைகளில் பாதியை இரண்டு தளமாக்கினால் வடகிழக்கு மூலைக் காடு தப்பும் என்று வரைந்து கொடுத்தோம். அதில் பள்ளி திறக்கும் தேதி தள்ளிப்போகக் கூடாது என்றும் எழுதினோம். இந்த ஒரு வரிக்காகத் திருநெல்வேலித் தங்கையும் கையெழுத்துப் போட்டாள்.

அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. மாடி வரவில்லை. திடல் பகிர்வும் கார் நிறுத்த மாற்றமும் ஏற்கப்பட்டன. ஒரு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான காடு மூலையில் மிஞ்சியது. பெரிய மர்ரி மரங்களில் இரண்டு அதில் இருந்தன. மற்றதெல்லாம் போயிற்று. வெட்டுவதற்கு முன் கூண்டு வைத்துக் குவெண்டாக்களைப் பிடித்து வேறிடம் கொண்டுபோனார்கள். வேலை ஒரு சில நாளில் முடிந்தது. வெட்டிய காட்டின் வாடை, யூகலிப்டஸும் நசுங்கிய பச்சையுமாக, தெரு முழுக்க நின்றது. என் மகன் ஜன்னலை மூடச் சொன்னான்.

மிஞ்சிய மூலை பிழைக்குமா என்பது தனிப் போராட்டம். சின்னத் துண்டுக் காட்டின் விளிம்பெல்லாம் வெளிச்சம் விழுந்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல் உள்ளே ஏறும். அதைவிட மோசமானது ‘டைபேக்’ நோய். ஃபைட்டாப்தோரா என்ற, மண்ணில் வாழும் நுண்கிருமி வேரை அழுகவைக்கும். தென்மேற்கின் உள்நாட்டுச் செடிவகைகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதற்கு ஆளாகக்கூடியவை. பேங்க்சியா முதல் பலி. வண்டிச் சக்கரத்திலோ காலணியிலோ ஒட்டிய ஈரமண் போதும். ஒருமுறை நுழைந்தால் அதை வெளியேற்ற வழியில்லை. அதனால் கட்டட வண்டிகளைக் கழுவிவிட்டே உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனை எங்களுக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம்.

இப்போது பள்ளி நடக்கிறது. நல்ல பள்ளி. அந்தச் சின்னவள் அங்கேதான் படிக்கிறாள். இங்கே பிள்ளைகளுக்கு நூங்கார் மக்களின் ஆறு பருவங்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். நம் இலக்கணமும் ஆண்டை ஆறாகப் பிரித்துக் காரென்றும் கூதிரென்றும் பெயர் வைத்ததால், என் மகனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. நாள்காட்டியை வைத்து அந்தப் பருவங்களைப் பிரிப்பதில்லை. எது பூக்கிறது, எது குஞ்சு பொரிக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். டிசம்பரில் மூஜார் மரம் ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துவிட்டுப் பூத்தால் பிராக். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஹெக்டேர் நிற்பதால் ஆசிரியைகளால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட முடிகிறது. நாலும் நின்றிருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

எங்களுக்கு வடக்கே அடுத்த பகுதிக்கு இப்போது கட்டமைப்பு வரைபடம் கவுன்சிலில் கருத்துக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு வீடும் இல்லை. வரைபடத்தில் தொடக்கப்பள்ளிக் கட்டம் நல்ல பேங்க்சியா காட்டின் மேல் விழுந்திருக்கிறது. அரைக் கிலோமீட்டர் மேற்கே பழைய காய்கறித் தோட்டம் ஒன்று மரமில்லாமல் கிடக்கிறது. அதுவும் மேடு, அதுவும் பெருஞ்சாலைக்கு விலகி. பள்ளிக் கட்டத்தை அங்கே நகர்த்துங்கள், காட்டைப் பொதுப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டிய பத்து சதவீத நிலத்தில் சேருங்கள் என்று எழுதியிருக்கிறோம். இந்தத் தடவை யாரும் பள்ளிக்காகக் காத்துக்கொண்டு இல்லை. மனை விற்கவில்லை, கொத்தனார் வரவில்லை. வரைபடத்தில் ஒரு கட்டத்தை இழுத்து வேறிடத்தில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மனுவில் நாற்பதுக்கு மேல் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பகுதியில் குடிவரப்போகிறவர்கள் யாரென்று தெரியாததால், அவர்களுக்காகவும் நாங்களே போட்டிருக்கிறோம்.